ஆழ்பனியில் 26 அங்குல ஏடிவி டயர்: மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு

"சீசன் முடியுது, டயர் விலை இறங்கியிருக்கு. பனிக்கு 26 அங்குலம் போடலாமா?" என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை.

என் வண்டி ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையிலும் ஓடும் திறந்த நாலு சக்கர வண்டி: 500 சிசி, 4x4 (நாலு சக்கரத்துக்கும் விசை போகும்), பெல்ட் டிரைவ் (எஞ்சின் விசை பெல்ட் வழியே போகும்). ஓடுவது கனடாவின் வட ஒன்டாரியோவில், முழங்கால் வரை இறங்கும் பொடிப்பனியில். கம்பெனி டயர் முன்னால் 25x8-12, பின்னால் 25x10-12 (டயரின் உயரம், அகலம், அது உட்காரும் உலோக ரிம்மின் விட்டம், எல்லாம் அங்குலத்தில்). மூன்று குளிர்காலமாக ஓடுவது 26x9-12, 26x11-12. ரேடியல் வகை, 6 பிளை (டயரின் பலத்தைக் காட்டும் எண், கூடினால் சுவர் தடிக்கும்), லக் எனும் ரப்பர் மேடுகளின் உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

பிடிப்பில் குறையே இல்லை. மூன்று வருடமாகப் படுத்துவது காற்றழுத்தம்தான்.

ஏடிவி டயரில் இருப்பதே 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). 20 டிகிரி வெப்பமுள்ள கராஜில் சரியாக 5 வைத்துவிட்டு மைனஸ் 25-க்கு வெளியே எடுத்தால், அது சுமார் 2-க்கு வந்து நிற்கும். ஓட்டை எதுவும் இல்லை, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். கார் டயரில் 3 பிஎஸ்ஐ குறைந்தால் பெரிதாகத் தெரியாது. இங்கே பாதிக்கு மேல் போய்விடுகிறது. 2 பிஎஸ்ஐயில் சரிவில் வளைத்தால் டயரின் உள்விளிம்பான பீட் ரிம்மை விட்டு நழுவும். ஆகவே வண்டியை ஒரு மணி நேரம் வெளியே குளிரவிட்டு, அதன் பிறகே அளந்து 3 வையுங்கள். உள்ளேயே வைத்தாக வேண்டுமென்றால் 6 வைத்தால் வெளியே கிட்டத்தட்ட 3 நிற்கும். 0 முதல் 10 வரை காட்டும் காற்றழுத்த கேஜ் கட்டாயம் வேண்டும், கார் கேஜ் இதற்கு உதவாது. அளந்து முடித்ததும் வால்வு வாயில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு மூடியைப் போடுங்கள். அந்த ஈரம் உறைந்தால் வால்வு முழுசாக மூடாது, காலையில் டயர் தரையோடு கிடக்கும்.

பீட் கழன்றால் டயரின் சுற்றளவில் ராட்செட் பட்டையை இறுக்கிக் கட்டிக் காற்றடிக்கலாம். சோப்புத் தண்ணீர் அந்தக் குளிரில் ஊற்றிய இடத்திலேயே உறையும். காரின் முன்கண்ணாடிக்கு ஊற்றும் குளிர்கால வாஷர் திரவத்தைத் தடவினால் பீட் வழுக்கி உட்காரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பீட் அழுத்த எல்லையைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

இவ்வளவு தொல்லைப்பட்டு 3 பிஎஸ்ஐ எதற்கு? வண்டியும் ஆளும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்தால், 5 பிஎஸ்ஐயில் நாலு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 175 சதுர அங்குலம். 3-ல் அது 295 வரை போகலாம். "போகலாம்" என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் 6 பிளை பக்கச்சுவர் குளிரில் விறைத்து, கணக்கு சொல்லும் அளவுக்கு மடங்காது. கல்லுக்கும் கட்டைக்கும் 6 பிளை நல்லது. பனிக்கு மட்டும் என்றால் மெல்லிய 4 பிளைதான் சரியாகப் பரந்து மிதக்கும்.

சேற்று டயர் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு அங்குல லக், இடையில் அகன்ற பள்ளம்: அது மண்வெட்டி மாதிரி. சேற்றில் தோண்டினால் கீழே கெட்டித் தரை கிடைக்கும். ஆழ்பனியில் அது கிடைப்பதற்குள் அடித்தட்டு பனிமேல் உட்கார்ந்து, நாலு சக்கரமும் சும்மா சுற்றும். 26 அங்குலம் போட்டால் வண்டி ஓர் அங்குலம் உயரும் என்று நினைக்கிறார்கள். அச்சு உயர்வது அரை அங்குலம்தான், அதிலும் பாதி குறைந்த அழுத்தத்தில் போய்விடும். ஆக, லாபம் அகலத்தில் இருக்கிறது, உயரத்தில் இல்லை.

சக்கரம் சுற்ற ஆரம்பித்த கணமே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். சுற்றினால் பனி உருகி, திரும்ப உறைந்து, கண்ணாடியாகிவிடும். வந்த தடத்திலேயே மூன்று மீட்டர் பின்னால் வந்து, மறுபடி மெதுவாக முன்னால் போனால் பெரும்பாலும் ஏறிவிடும். எப்போதும் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்த, இழுவை கூடிய கியரில்) ஓட்டுங்கள். டயர் பெரிதாகும்போது பெல்ட்டுக்கும் சுமை ஏறும், ஹையில் முக்கினால் பெல்ட் கருகும்.

ஓடி முடித்ததும் ரிம்மின் உள்பக்கம் அடைந்த பனியைக் கையாலேயே தட்டிவிடுங்கள். இரவில் அது பனிக்கட்டியாகி, மறுநாள் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் உதறும். வீல் பேரிங் போய்விட்டதென்று பலர் கழற்றுவது இதற்காகத்தான்.

உறைந்த ஏரிமேல் எந்த டயரும் போதாது, டயர்மேல் சுற்றும் செயின்தான். கெட்டிச் சாலைக்கு வந்ததும் 5-க்கு ஏற்றுங்கள், பின் ரேக்கில் பாரம் ஏற்றினாலும் அப்படியே. முன், பின் டயரின் உயரம் ஒன்றாக இல்லாவிட்டால் 4x4 கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், அதனால் இரண்டு மட்டும் மாற்றாதீர்கள்.

இந்த டயர்கள் பனியில் கைவிட்டதே இல்லை. இருந்தும் நண்பருக்குப் பதில்: வேண்டாம். இருக்கும் 25-ஐயே வைத்துக்கொண்டு, நல்ல கேஜ் ஒன்று, கைப்பம்பு ஒன்று, பின் சக்கரத்துக்கு செயின் ஒரு ஜோடி வாங்குங்கள். 3 பிஎஸ்ஐயை ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டிக் காத்த பிறகும் அகலம் போதவில்லை என்று தோன்றினால், அப்போது 4 பிளையில் 26 பாருங்கள்.