ஆயிரம் அடித் துளையா, ஊர்க் குளமா?

அவிநாசி, அன்னூர் வட்டாரங்களில் தோட்டத்துக் கிணறு வற்றினால், ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தலாம். அல்லது ஊர்க் குளத்தில் நீரைத் தேக்கி நிலத்தடியில் இறங்கச் செய்யலாம். முதல் வழி உடனே பலன் தரும். ஆனால் ஒருவர் ஆயிரம் அடிக்கு இறங்கினால் பக்கத்துத் தோட்டத்தில் நீர் குறைய, அவரும் கடன் வாங்கி ரிக் வண்டியை வரவழைக்க, கடனை அடைக்க இருவரும் கூடுதலாக இறைக்க, நீர்மட்டம் இன்னும் கீழே போகிறது. விளைவே மறுபடி காரணமாகும் இச்சுழலில் யாரையும் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மின்கட்டணமும் எச்சரிப்பதில்லை.

இரண்டாவது வழி மெதுவானது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்கிறது. ஆனாலும் நீர் வந்த தெம்பில் எல்லோரும் வாழைக்கு மாறினால் பழைய சுழலே திரும்பும். ஆகவே குளத்தை ஒட்டிய கிணற்றில் மாதம் ஒருமுறை கல் கட்டிய கயிற்றை இறக்கி, நனையாத நீளத்தை அளந்து, பால் சொசைட்டிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவைக்க வேண்டும். அடுத்த போகம் சோளமா மஞ்சளா என்பதை அந்த எண்ணைப் பார்த்தே முடிவுசெய்யலாம். என் தேர்வு குளம்தான், அந்தச் சுவரும் சேர்ந்திருந்தால்.