பழைய நிக்கான் டி500 கேமரா வாங்குகிறீர்களா? கடையை விட்டு வெளியே வந்து சோதியுங்கள்

கால்பந்து, தடகளம் என்று மைதானத்தில் படம் எடுக்க செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் நிக்கான் டி500 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கினேன். விலை 58,000 ரூபாய். கேமரா அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்குதான் ஷட்டர் கவுண்ட். "ஷட்டர் கவுண்ட் வெறும் 21,000தான் சார், ஒரு டாக்டர் வீட்ல சும்மா கிடந்தது" என்றார் கடைக்காரர். பழைய கேமராக்கள் எல்லாமே ஏன் டாக்டர் வீட்டிலிருந்தே வருகின்றனவோ!

டி500ஐத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. 2016இல் வந்த மாடல் என்றாலும் நொடிக்கு 10 படம் எடுக்கும். 153 ஃபோகஸ் புள்ளிகள் பிரேமின் அகலம் முழுக்கப் பரவியிருப்பதால், ஓரமாக ஓடுகிற ஆட்டக்காரரையும் விடாமல் பிடிக்கும். வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சிறியது, அதனால் 200 எம்எம் லென்ஸிலேயே 300 எம்எம் அளவுக்கு நெருங்கலாம். கேனான் 1500டி போன்ற தொடக்கநிலை கேமராவில் நொடிக்கு 3 படம்தான், ஃபோகஸ் புள்ளிகளும் 9தான்.

முதல் ஆட்டத்திலேயே குட்டு உடைந்தது. நல்ல வெயில், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. கோல்கீப்பர் பாய்கிற வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தால், பாதிப் படங்களில் ஒரு ஓரமாகக் கறுப்புப் பட்டை.

சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. வேகம் கூடும்போது முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது பின்னாலேயே கிளம்பிவிடும். நடுவில் உள்ள சின்ன இடைவெளி வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகும். தேய்ந்துபோன திரை கொஞ்சம் பிந்தினாலும் முந்தினாலும் அந்தப் பக்கம் இருண்டுவிடும். கடைக்குள் ட்யூப்லைட்டில் 1/60, 1/125 என்று எடுத்துக் காட்டினால் இது தெரியவே தெரியாது. அங்கே எல்லாப் படமும் பளிச்சென்றுதான் இருந்தது.

சர்வீஸ் சென்டரில் பார்த்தபோது கவுண்ட் 1,90,000ஐத் தாண்டியிருந்தது. இந்த ஷட்டரை நிக்கான் சோதித்திருப்பதே 2,00,000 வரைதான். அப்படியானால் கடைக்காரர் காட்டிய 21,000? வேறு ஏதோ கேமராவின் ஸ்கிரீன்ஷாட். சீரியல் நம்பர் இருக்கும் வரியை மட்டும் வெட்டியிருந்தார். என் மெமரி கார்டைப் போட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, "வைரஸ் வந்துடும் சார்" என்று தடுத்ததன் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது.

நிக்கானில் கவுண்ட், சீரியல் நம்பர் இரண்டுமே ஜேபெக் ஃபைலுக்குள் பதிவாகும். உங்கள் கார்டில் எடுத்த படத்தைத் திறந்து, பாடியில் உள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேனானில் பெரும்பாலும் ஃபைலில் கவுண்ட் இருக்காது, யூஎஸ்பியில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு கேமராவோடு கடைவாசலுக்கு வந்து, வெயில்படும் வெள்ளைச் சுவரை 1/4000, 1/8000 வேகங்களில் தொடர்ச்சியாகச் சுட்டுப் பாருங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்கியிருந்தேன். இப்போது கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். "பழைய பொருளுக்கு கேரண்டி கிடையாது" என்று கடைக்காரர் கையை விரித்தார். கேரண்டி இல்லாமல் விற்பது வேறு, பொய்க் கணக்கு காட்டி விற்பது வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். புகார் போன பிறகு கடைக்காரரே போன் செய்து, பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.