ஒற்றை பீஸ் வேலைக்கு மேக்ரோ: ஆறு வருடப் பயன்பாட்டு அனுபவம்

கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறையில் ஃபனுக் கண்ட்ரோல் (மெஷினை இயக்கும் கணினி) கொண்ட ஒரு வி.எம்.சி., அதாவது செங்குத்து மில்லிங் மெஷின், ஓடுகிறது. எங்களுக்கு வருபவை பெரும்பாலும் ஒன்றிரண்டு பீஸ் வேலைகள்தான்: நூற்பாலையில் உடைந்த பிராக்கெட்டுக்கு மாற்று, மோட்டார் பேஸ் பிளேட், பம்ப் ஃபிளேஞ்ச், டிரில் ஜிக். ஐந்நூறு பீஸ் ஓடும் ஜாப்பில் புரோகிராமுக்கு அரை நாள் போனாலும் கணக்கில் தெரியாது. ஆனால் ஒரே ஒரு பிளேட்டில் எட்டு துளை போட்டு டேப் அடிக்கிற (மரை வெட்டுகிற) வேலையில், மெஷின் கால் மணி நேரம் வெட்டுவதற்காக முக்கால் மணி நேரம் ஸ்பிண்டில் சும்மா நின்றால், கூலிகூட மிஞ்சாது. அந்த நேரத்தைக் குறைக்க நாங்கள் பயன்படுத்துவதுதான் மேக்ரோ: அளவுகளை மட்டும் கொடுத்தால், கணக்கைத் தானே செய்துகொண்டு வெட்டும் சிறு புரோகிராம்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் கேம் மென்பொருளில்தான் (மாடலிலிருந்து வெட்டும் பாதையைத் தயாரிப்பது) செய்தோம். வாடிக்கையாளர் தருவது பேப்பர் டிராயிங். பல நேரம் அதன் வாட்ஸாப் போட்டோ. அதைப் பார்த்து முதலில் மாடல் வரைய வேண்டும், பிறகு டூல்களைத் தேர்ந்தெடுத்து, போஸ்ட் செய்து (மெஷினுக்குப் புரியும் குறியீடாக மாற்றி), மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஸ்டெப் ஃபைல் (முப்பரிமாண மாடல்) கிடைத்தாலும், அதில் மரையின் விவரம் பெரும்பாலும் இருக்காது. எம்10 மரைத் துளையை ஒருவர் டிரில் அளவான 8.5 என்றும் இன்னொருவர் மரை அளவான 10 என்றும் வரைந்திருப்பார், எனவே எப்படியும் டிராயிங்கைத் திறந்தாக வேண்டியிருக்கும். வளைவுகளும் மோல்டு வடிவங்களும் வந்தால் இன்றும் கேம்தான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அடுத்து, கண்ட்ரோலிலேயே இருந்த, கட்டங்களை நிரப்பினால் புரோகிராம் எழுதித் தரும் கன்வர்சேஷனல் திரையைச் சில மாதங்கள் பயன்படுத்தினோம். புதிதாக வரும் பையன்கள் படம் பார்த்துக் கற்றுக்கொள்ள அது நல்ல வழி. கை பழகியவனுக்கு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போவதுதான் சலிப்பு.

மேக்ரோவுக்கு எங்களை இழுத்து வந்தது ஒரு தவறு. பி.சி.டி. (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 160-இல் எட்டு எம்10 துளைகள் கொண்ட ஃபிளேஞ்ச் அது. 45 டிகிரியில் வரும் துளைக்கு 80-ஐ காஸ் 45-ஆல் பெருக்கினால் 56.569 வரும். கால்குலேட்டரில் சரியாகப் பார்த்துவிட்டு, மெஷினில் 65.569 என்று அடித்தேன். துளை ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. ஃபேஸ் எடுத்து (மேற்பரப்பைச் சமப்படுத்தி) முடித்திருந்த பிளேட் ஸ்கிராப்புக்குப் போனது. நேரம் எங்கே போகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. புரோகிராம் எழுத ஆவது பத்து நிமிடம். எழுதியதை நம்ப முடியாமல் சிங்கிள் பிளாக்கில் (ஒரு வரி ஓடியதும் நிற்கும் முறையில்) வைத்து, ஒவ்வொரு வரியாகக் கால்குலேட்டரோடு ஒப்பிட்டு, காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் மீதி நேரம் முழுவதும் போகிறது. ஒருமுறை சோதித்த மேக்ரோவில் கணக்கு ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது. டிராயிங்கிலிருந்து எடுத்த எண்களை மட்டும் சரிபார்த்தால் போதும்.

இப்போது அதே ஃபிளேஞ்சுக்கு ஒரு டூலுக்கு, 9010 என்ற மேக்ரோவை அழைக்கும் ஒரே வரி: ஜி65 பி9010 எக்ஸ்0. ஒய்0. டி160. ஏ0. ஹெச்8. என்று தொடங்கி, ஆழமும் ஃபீடும் எழுதி முடிந்துவிடும். நடுப்புள்ளி, பி.சி.டி., முதல் துளையின் கோணம், எண்ணிக்கை ஆகிய எல்லாம் டிராயிங்கில் இருக்கும் எண்களே. நாமாகக் கணக்கிட்ட எண் ஒன்றுகூட இல்லை. சைனும் காஸும் கண்ட்ரோலின் வேலை. கொடுக்கும் எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைக்கும் பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும். பல மெஷின்களில் புள்ளி இல்லாத எக்ஸ்10 என்பது பத்து மைக்ரான்தான்.

மேக்ரோவுக்குள் நான் முதலில் எழுதுவது கணக்கை அல்ல, காவலை. ஆழத்துக்கான #26 என்ற மாறி காலியாக இருந்தாலோ பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலோ #3000 வழியாக அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடும். ஃபீடு இல்லையென்றாலும், துளை எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். டிரில்லை ஆர் உயரம் வரை மட்டுமே மேலே தூக்கும் ஜி99 என்பதையும் மேக்ரோவிலிருந்து எடுத்துவிட்டேன். ஒருநாள் அது ஆர் உயரமான 2 மில்லிமீட்டரிலேயே அடுத்த துளைக்கு நகர்ந்து, நடுவில் நின்ற கிளாம்பில் டிரில்லை மோதி உடைத்தது. இப்போது எப்போதும் ஜி98; ஒவ்வொரு துளைக்குப் பிறகும் 50 மில்லிமீட்டருக்கு ஏறித்தான் நகரும். இதில் நொடிகள் வீணாவது உண்மைதான், ஆனால் ஒற்றை பீஸில் நொடியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும் துளைகளுக்கு மேக்ரோ தேவையில்லை. இடங்களை மட்டும் ஒரு சப் புரோகிராமில் எழுதி, ஸ்பாட் டிரில், டிரில், டேப் மூன்றும் அதையே எம்98 கொண்டு அழைக்கும்படி வைத்தால், ஓர் எண்ணை மூன்று முறை அடிக்கும் வேலை மிச்சம். சைக்கிள் (துளையிடும் கட்டளை) வரியில் கே0 சேர்த்துவிட்டால், நிற்கும் இடத்தில் துளை போடாமல், விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

மில்லிங்கில் எங்களுக்கு அதிகம் உழைத்தவை ஃபேஸ் எடுக்கும் மேக்ரோவும், வட்டப் பாக்கெட்டை ஹெலிக்கலாகச் சுற்றி இறங்கும் மேக்ரோவும்தான். எம்10 ஆலன் ஸ்க்ரூ தலைக்கு 18 விட்டத்தில் குழி வேண்டுமென்றால், 12 எண்ட் மில்லின் மையத்தை 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சுற்றவிட்டால் முடிந்தது. கவுண்டர்போர் டூலைத் தேடி அலமாரியைக் குடைய வேண்டியதில்லை.

மேக்ரோ மட்டும் இதையெல்லாம் செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேகசினின் முதல் பன்னிரண்டு இடங்களில் டூல்கள் நிரந்தரம்: 63 ஃபேஸ் மில், 90 டிகிரி ஸ்பாட் டிரில், 5, 6.8, 8.5 டிரில்கள், அவற்றுக்கு ஜோடியான எம்6, எம்8, எம்10 டேப்கள், இன்னும் சில. அவற்றின் நீளம் ஆஃப்செட்டில் அப்படியே கிடக்கும். வைஸில் கட்டும் வேலைகளுக்கு, அதன் நிலையான தாடையும் இடப்பக்க ஸ்டாப்பரும் சேரும் மூலைதான் எப்போதும் ஜி54, அதாவது அளவு தொடங்கும் பூஜ்யப் புள்ளி. எனவே புதிய பீஸ் வைத்ததும் இசட் மட்டும் தொட்டுப் பார்த்தால் போதும். ஸ்பாட் டிரில்லையே மரையின் வாய்ச் சரிவு வரும் ஆழத்துக்கு இறக்கிவிடுவோம்: 10.5 விட்டத்துக்கு 5.25 ஆழம். தனியாகச் சேம்ஃபர் டூல் வேண்டாம். கடைசி ஆழத்தோடு டிரில் முனைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 118 டிகிரி டிரில்லுக்கு விட்டத்தில் பத்தில் மூன்று பங்கு.

"ஏனுங்ணா, ரெண்டு பீஸுக்கு இத்தன ஏற்பாடா?" என்று ஆபரேட்டர் தம்பி முதலில் சிரித்தான். இன்று ஃபிளேஞ்ச் வந்தால் டிராயிங்கின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதி அவனே ஓட்டிவிடுகிறான். பீஸைக் கட்டியதிலிருந்து முதல் சில்லு விழும்வரை ஏறக்குறைய பத்து நிமிடம். எட்டு மாதம் கழித்து அதே ஜாப் திரும்பி வந்தாலும், அந்தப் பேப்பர் இருந்தால் போதும்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் கண்ட்ரோலில் மேக்ரோ வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எம்.டி.ஐ.-யில் (கட்டளையை நேரடியாக அடித்து ஓட்டும் முறை) #100=1 என்று கொடுத்தால் அலாரம் வருகிறதா இல்லையா என்பதிலேயே தெரிந்துவிடும். 9000 வரிசை எண்ணில் சேமித்துப் பாதுகாப்பை இயக்கினால், யாரும் தெரியாமல் திருத்திவிட முடியாது. பேக்கப் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

குறை ஒன்று தீராமலே இருக்கிறது. சென்ற வருடம் வாங்கிய பழைய மெஷினின் கண்ட்ரோல் வேறு. எங்கள் மேக்ரோக்களில் ஒன்றுகூட அதில் அப்படியே ஓடவில்லை. போல்ட் சர்க்கிளை (வட்டத்தில் துளை போடும் மேக்ரோவை) மட்டும் அதன் மொழியில் மாற்றி எழுதி முடித்திருக்கிறேன். மற்ற வேலைகளுக்கு அந்த மெஷினில் இன்றும் கால்குலேட்டர்தான்.