கோத்தகிரி ஈரத்தில் ஒரு .22 ரைஃபிள்: எந்தத் துடைப்புக் கருவி நின்றது, எது போனது

துப்பாக்கி துடைக்கும் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் வறண்ட ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பகை கரி. கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு நடுவே வீடு வைத்திருக்கும் எனக்குக் கரி இரண்டாம் பகைதான். முதல் பகை ஈரம். கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது என்றால், குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. மழை இல்லாத நாளிலும் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டுப் போகும். அலமாரியில் இருக்கும் தோல் பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கிற ஊரில் எஃகுக் குழல் மட்டும் தப்புமா? கீழே சொல்லும் விருப்பு வெறுப்புகளை இந்த ஊர்க் கணக்கில் படிக்கவேண்டும். மதுரையில் இருப்பவருக்கு இதில் பாதி வேண்டியிருக்காது.

துப்பாக்கி, .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக். குடும்பத்தில் கைமாறி வந்து, இப்போது என் உரிமத்தில் இருக்கிறது. கோவையில் சுடுதளத்துக்குப் போய் இலக்குக்குச் சுடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. புளோபேக் வகை: வெடித்த தோட்டாவின் காலிக்கூடு பின்னால் தள்ளும் விசையிலேயே போல்ட், அதாவது தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் எஃகுக் கட்டை, பின்னுக்குப் போகும், ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். போல்டைப் பூட்டிப் பிடிக்கத் தனியாக எதுவும் இல்லை; அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் காவல். அதனால் புகையில் ஒரு பங்கு, போல்ட் ஓடும் கூடான ரிசீவருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. .22 தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகுப் பூச்சும் உண்டு. கரியும் எரியாத மருந்துத் துகளும் மெழுகும் சேர்ந்து கறுத்த பசையாகிப் போல்ட் முகத்திலும், காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியிலும், தோட்டா உட்காரும் சேம்பர் வாயிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கூடு வெளியே வராமல் சிக்கும்போது எல்லோரும் குழலைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்த மூன்று இடங்களில் ஒன்றில் இருப்பான்.

கருவி வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, எந்தப் பக்கமாக உள்ளே நுழையப் போகிறோம் என்பது. போல்டைக் கையால் இழுத்து இயக்கும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிளில் போல்டை உருவிவிட்டால் சேம்பர் பக்கமிருந்து ராடை, அதாவது துடைக்கும் நீளக் கம்பியை, நேராகச் செலுத்தலாம். பல .22 செமி ஆட்டோமேட்டிக்குகளில் ரிசீவரின் பின்பக்கம் மூடியே இருக்கும். 1964 முதல் விற்பனையில் இருக்கும் ருகர் 10/22 ரைஃபிளுக்கு இதற்காகவே பின்னால் துளை போட்டுக்கொள்கிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. நம் ஊரில் உரிமத்தில் ஏறிய துப்பாக்கியில் துளை போடும் பேச்சுக்கே இடமில்லை. ஆக ராடு குழலின் வாய்ப்பக்கமிருந்துதான் நுழையவேண்டும். அங்கேதான் சிக்கல். குண்டு குழலைவிட்டுப் பிரியும் கடைசி இடம் வாய் விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தாலும் பின்னால் வரும் வாயு சமமாக வெளியேறாது, குண்டு விலகும். மென்மையான ஈயக் குண்டு கெடுத்த .22 குழலைவிட அவசரக்காரரின் ராடு கெடுத்த குழல்தான் அதிகம் என்று பழைய சுடுநர்கள் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அந்த வகையில், மூன்று துண்டாக மாட்டும் அலுமினிய ராடு, பிளாஸ்டிக் பெட்டி, .22 முதல் 12 போர் வரை எல்லா அளவுக்கும் பிரஷ் என்று வருகிற தொகுப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே ஒரு துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அதில் முக்கால்வாசி பெட்டியை நிரப்புவதற்குத்தான். அலுமினியம் மென்மையானது, மணலும் கரியும் அதில் பதிந்து ராடே அரம் ஆகிவிடும். இணைப்பு இடங்களில் விளிம்பு நிற்கும், தள்ளும்போது நடுவில் வளையும், வளைந்த இடம் குழலின் உள்சுவரில் சுழன்று ஓடும் புரிகளில் உரசும். என் தொகுப்பில் பிரஷ்களின் மறையும் ராடின் மறையும் ஒத்தே போகவில்லை. இப்போது அந்த ராடு வீட்டில் ஜன்னல் திரை தாங்குகிறது. அதற்கு நல்ல பொருள்.

அதற்குப் பதில் வாங்கியது பூச்சு போட்ட ஒற்றை எஃகு ராடு. கைப்பிடிக்குள் பால் பேரிங் இருப்பதால் பிரஷ் புரிகளின் திருப்பத்தோடு தானே சுழலும். பேரிங் இல்லாத கைப்பிடியில் பிரஷ் புரிகளின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போகும். கூடவே வாய்முனையில் செருகும் பித்தளைக் கூம்பு. ராடு விளிம்பைத் தொடாமல் நடுவில் ஓடுவதற்கு அது வேண்டும். கூம்பு கைவசம் இல்லாத நாளில் ராடை எடுப்பதே இல்லை. ராடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன், மூலையில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும் என்பதால்.

ஆனால் இந்த ராடை நான் எடுப்பதே அபூர்வம். காரணம் என் சித்தப்பா. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். 7.62 எஸ்எல்ஆர் காலத்து ஆள். அந்த ரைஃபிளில் வாயு உருளை, பிஸ்டன் என்று கரி சேரும் இடம் தனியாக உண்டு, என்னுடையதில் அவை இல்லை. "உன்னுடையது விளையாட்டுச் சாமான்" என்பார். ராடைப் பார்த்ததும், "இழுத்துச் செய்கிற வேலையைத் தள்ளிச் செய்யாதே தம்பி" என்றார். "நீங்கள் பட்டாளத்தில் ராடே தொட்டதில்லையா, சித்தப்பா?" என்று கேட்டேன். "புல்த்ரூவும் சிந்தியும் எண்ணெய்க் குப்பியும் போதும். பரேடில் யாரும் என் குழலில் குறை கண்டதில்லை" என்றார். புல்த்ரூ என்பது துணியைக் கோத்துக் குழல் வழியே இழுக்கும் கயிறு; சிந்தி என்பது பட்டாளத்தில் ஃபிளானல் துணித் துண்டுக்குப் பெயர். துடைக்க நாலுக்கு இரண்டு அங்குலம், எண்ணெய் பூச நாலுக்கு ஒன்றரை அங்குலம் என்று அளவு இன்னும் அவர் நாக்கில் இருக்கிறது. .22 குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர்தான். அந்த அளவுத் துணி இதில் பாதி வழியில் இறுகி நின்றுவிடும், ஆகவே நான் ஓரங்குலச் சதுரமாக வெட்டுகிறேன். கடைத் துணியைவிடப் பலமுறை துவைத்த பழைய பனியன் நன்றாக உறிஞ்சுகிறது.

அதன்பின் என் முதன்மைக் கருவி இழுவைக் கயிறுதான். இரண்டு வகை வைத்திருக்கிறேன். ஒன்று, நைலான் உறை போட்ட மெல்லிய கம்பிக்கயிறு. முனையில் துணி மாட்ட ஒரு காது. இன்னொன்று, போர் ஸ்நேக் என்று விற்கும் பின்னல் கயிறு; நடுவில் வெண்கல முட்கள், பின்னால் தடித்த பின்னல், முன்னால் பித்தளை எடை. எடையைச் சேம்பர் பக்கம் போட்டால் வாய்ப்பக்கம் வந்து விழும், ஒரே இழுப்பில் வேலை முடியும். சுடுதளத்திலேயே செய்துவிடலாம் என்பது இதன் பெரிய லாபம். குறை மலைக்காரனுக்குத்தான் தெரியும்: அழுக்கு அதிலேயே தங்குவதால் அடிக்கடி துவைக்கவேண்டும், துவைத்தால் இங்கே காய்வதில்லை. நவம்பரில் கொடியில் போட்டால் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஈரக் கயிற்றைக் குழலில் இழுப்பதைவிட இழுக்காமல் இருப்பது நல்லது. விறகடுப்புக்கு எட்டத்தில் மாட்டிக் காயவைக்கிறேன். நூல் பிரிய ஆரம்பித்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். குழலுக்குள் அறுந்து நின்றால் வெளியே எடுப்பது பெரும்பாடு. எதை இழுத்தாலும் குழலுக்கு நேர்கோட்டில் இழுக்கவேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறும் விளிம்பைத் தின்னும். பட்டாளத்து ரைஃபிள்களில் கயிறு அரித்த பள்ளம் பழைய கதை.

கம்பிக்கயிறு ஆரவாரமில்லாதது. துணி அழுக்கானால் துணியைத் தூக்கி எறியலாம், கயிற்றைத் துடைத்துச் சுருட்டலாம். ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் இதை வாங்குங்கள்.

குழலைவிட எனக்கு அதிக நேரம் போவது போல்டிலும் சேம்பரிலும். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்தபிறகு, பழைய பல் பிரஷ், மூங்கில் பல்குச்சி, பஞ்சு சுற்றிய குச்சி இவைதான் ஆயுதங்கள். எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் பல்குச்சி செய்கிற வேலையை விலை உயர்ந்த எஃகுக் கொக்கி செய்வதில்லை. எஃகு கீறும், மூங்கில் கீறாது. சேம்பருக்குக் குட்டை நைலான் பிரஷ். குழலுக்குள் வெண்கல பிரஷை எப்போதாவதுதான் விடுகிறேன். விட்டால் மறுமுனை வரை முழுதாக வெளியேறிய பின்பே திருப்ப வேண்டும்; நடுவில் திருப்பினால் முட்கள் முறியும். எஃகு முள் பிரஷ் வேண்டவே வேண்டாம். வாய்ப்பக்கமிருந்து ராடு போடும் நாளில் துப்பாக்கியைத் தலைகீழாகவும் வாய்முனையைத் தாழ்த்தியும் பிடித்து, ரிசீவருக்குள் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரைத்த அழுக்கெல்லாம் ட்ரிகருக்குள் இறங்கும்.

எண்ணெய் விஷயத்தில் இந்த மலைக்கென்று சில தனி அனுபவங்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; கோத்தகிரியில் ஆண்டில் பெரும்பகுதி பாட்டிலில் வெள்ளையாகக் கட்டியாக இருப்பது அதனால்தான். அதைப் போல்டில் பூசினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊட்டி நீலகிரித் தைலம் பழைய பிசுக்கை நன்றாகவே கரைக்கிறது, ஆனால் ஆவியாகிவிடும், துருவைத் தடுக்காது, மரக்கட்டையின் வார்னிஷில் பட்டால் அதையும் இளக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டப் பிறந்த சரக்கு. மழையில் நனைந்து வந்தால் முதல் உதவிக்கு அது, காவலுக்கு அல்ல. தையல் இயந்திர எண்ணெய் போல்டுக்குப் போதும், ஒரு துளிக்கு மேல் வேண்டாம். 1904இல் ஜெர்மனியில் பிறந்த பாலிஸ்டால் தண்ணீரோடு கலந்து பால் போலாகும். உலோகம், மரம், தோல் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பதால் எனக்குப் பிடித்தது. அதன் நாற்றம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தாமிரம் கரைக்கும் திரவம் வெறும் ஈயக் குண்டு சுடுகிறவருக்குத் தேவையே இல்லை. ராடில் துணி மாட்டும் பித்தளை முனையோடு அதைப் பயன்படுத்தினால் துணியில் வரும் பச்சை நீலக் கறை முனையிலிருந்தே வருவது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் தாமிரம் இருக்கிறது என்று தேய்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக வெடிமருந்து செய்யும் மாவட்டம் இது. ஆனால் ஒரு .22 பிரஷ் வேண்டுமென்றால் கோவைக்கு இறங்கவேண்டியிருக்கிறது. இறங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மலையில் குளிர்ந்த துப்பாக்கியை மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் உறையிலிருந்து எடுத்தால், கீழ்க்காற்றின் வெப்பத்தில் அதன்மேல் வியர்வை பூக்கும். உறையை மூடியே வைத்து, உள்ளே சூடு சமமான பிறகு திறப்பேன்.

வைப்பதற்கு உறை கூடாது. ஸ்பாஞ்சு போட்ட ரெக்சின் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூட்டிய இரும்பு அலமாரி, நிறம் மாறும் சிலிகா ஜெல், வாய்முனை கீழ்நோக்கி. இந்த நிலையில் வைத்தால் மிகுந்த எண்ணெய் போல்டுக்குள் இறங்காது.

நம் ஊரில் கட்டாயமாக வரும் சோதனை தேர்தல்; அப்போது உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. அவ்வளவு காலமும் துப்பாக்கி நம் கையில் இல்லை. முன்பு ஒருமுறை ஒப்படைத்த இடத்தில் ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்திருந்தார்கள். திரும்பியபோது ரிசீவரின் ஒரு பக்கம் முழுக்கச் செம்பொடி. அந்த இடத்தை மாற்றி இப்போது உரிமம் பெற்ற வணிகரிடம் வைக்கிறேன். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கொடுக்கும் முன் குழலுக்குள் கிரீஸ் தடவிய துணியை ஒருமுறை இழுத்து, வெளிப்புறம் முழுவதும் கெட்டியாகப் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, குழலில் கிரீஸ் இருக்கிறது, சுடும் முன் துடைக்கவும் என்று அட்டை எழுதி ட்ரிகர் காவலில் கட்டிவிடுகிறேன். திரும்பி வந்ததும் உலர்ந்த துணியைக் கறை வராத வரை இழுத்த பிறகே தோட்டா. இந்த வேலை முழுவதும் வெளித் திண்ணையில்தான். கரியில் ஈயம் இருக்கிறது, சாப்பாட்டு மேசை அதற்கு இடமல்ல. பல் பிரஷின் பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், குளியலறைக்குள் தவறிக்கூடப் போய்விடக்கூடாது என்று.