ஸ்லக் துப்பாக்கிக்கு ஸ்கோப்: ஐந்து வேட்டைப் பருவம் மாட்டிப் பார்த்ததில்

முதல் பருவத்திலேயே புருவத்தில் தழும்பு வாங்கிவிட்டேன். சும்மா கிடந்த ரைபிள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை, 3-9 மடங்கு, ஸ்லக் எனும் ஒற்றைப் பெரிய குண்டு சுடும் என் 12 போர் பம்ப் ஷாட்கன்னில் மாட்டியிருந்தேன். மேட்டைப் பார்த்துச் சுட்டபோது முகம் தன்னால் முன்னே போய்விட்டது. ஸ்லக்கின் உதை சும்மா விடுமா? அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஐ ரிலீஃப்தான், அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே விடக்கூடிய இடைவெளி. 4 அங்குலமாவது வேண்டும்.

அந்த ஸ்கோப்பில் இன்னொரு கோளாறு, ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு) நிற்கவே இல்லை. கண்ணாடியைத்தான் திட்டினேன். பாவம், குற்றம் அதனுடையதல்ல. பம்ப் துப்பாக்கியில் பேரல் (குழல்) கழற்றி மாட்டுகிற சங்கதி. ரிசீவருக்குள், அதாவது துப்பாக்கியின் நடு உடலுக்குள், துளி ஆட்டம் இருக்கும். ஸ்கோப் ரிசீவரில் உட்கார்ந்தால் அது ஒரு பக்கம் பார்க்கும், பேரல் வேறு பக்கம் பார்க்கும். பேரலோடு சேர்ந்து பின்பக்கம் நீளும் தாங்கி (கான்டிலீவர் மவுண்ட்) உள்ள ரைஃபிள்டு பேரலுக்கு, உள்ளே சுருள் வரி வெட்டியதற்கு, மாறினேன். தொல்லை அடங்கியது.

நடுவில் இரண்டு பருவம் ரெட் டாட், கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிகாட்டி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடலாம், புருவத்துக்கும் ஆபத்தில்லை. புதருக்குள் ஓடும் மானுக்கு அதைவிட வேகமானது எதுவும் இல்லை. ஆனால் எனக்குப் புள்ளி, புள்ளியாகத் தெரியவில்லை. காற்புள்ளி மாதிரி வால் நீண்டது. போனில் படம் எடுத்தால் உருண்டையாக இருந்தது. ஆக, கோளாறு என் கண்ணில். அந்தி மங்கலில் கொம்பா கிளையா என்று பிரித்தறியவும் அது உதவாது.

இப்போது இருப்பது ஷாட்கன்னுக்கென்றே வந்த 2-7x32 ஸ்கோப், அதாவது 2 முதல் 7 மடங்கு, முன் கண்ணாடி 32 மில்லிமீட்டர். பாரலாக்ஸ் (கண் சற்று நகர்ந்தால் குறி இடம் மாறித் தெரிவது) 75 கஜத்தில் வராதபடி வைத்தது. ரைபிள் ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 100 கஜம். எப்போதும் 2-இலேயே வைத்திருப்பேன். 7-ஐத் தொடுவது இலக்குப் பலகையில் மட்டும்தான்.

ஜீரோ செய்யும்போது ஒரு கணக்கு: ஸ்கோப் திருகியின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம் வரும் கோண அளவு) என்றால் 100 கஜத்தில் கால் அங்குலம், 50 கஜத்தில் அதில் பாதி. 50 கஜத்தில் 2 அங்குலம் நகர்த்த 16 கிளிக். நான் 8 திருப்பிவிட்டு ஸ்கோப் பழுதென்று முடிவே கட்டியிருந்தேன். ஐந்தாறு குண்டுக்கு மேல் தொடர்ந்து சுடவும் வேண்டாம். தோள் பயந்துவிடும், குண்டு சிதறும். அப்புறம், ஸ்லக் பிராண்டை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஜீரோ செய்தே ஆக வேண்டும்.

திருகுகளின் மேல் நகப்பூச்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். திருகு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பருவத்துக்கு நேற்று வெளியே எடுத்தேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் முன் வளையத்தில் மயிரிழை விலகல்.