பயணக் கிரெடிட் கார்டு வாங்கப் போகிறீர்களா? 11,800 ரூபாயைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்

விமானப் பயணத்துக்குப் பாயிண்ட் தரும் கார்டு என்று சொல்லி ஒரு தனியார் வங்கி என்னிடம் 11,800 ரூபாய் வாங்கிக்கொண்டது. ஆண்டுக் கட்டணம் 10,000, ஜிஎஸ்டி 1,800.

மாலில் ஸ்டால் போட்டிருந்த பையன், "கட்டுற பணம் 10,000 பாயிண்டா திரும்ப வந்துடும் அக்கா, ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய்" என்றான். எங்கள் வீட்டுப் பெரிய செலவுகளான வாடகை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்குப் பாயிண்ட் உண்டா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் உண்டுக்கா. ஏர்போர்ட் லவுஞ்சும் ஃப்ரீ, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றான். நான் கேட்காமலே அதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினான். எழுத்திலேயே தருகிறானே என்ற நம்பிக்கையில்தான் ஓடிபியைப் போட்டேன்.

நடந்தது வேறு. அந்த மூன்று செலவுக்குமே பாயிண்ட் கிடையாது. வாடகைக்கு மேலே 1 சதவீதம் கட்டணம் வேறு. ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் என்பது அந்த வங்கியின் இணையதளத்தில் டிக்கெட் போட்டால் மட்டும்தான். அங்கே அதே விமானத்துக்கு விலை கூடுதல். வவுச்சராக மாற்றினால் 30 பைசா. போன காலாண்டில் போதுமான அளவு செலவு செய்யவில்லையாம், சென்னை விமான நிலைய லவுஞ்சில் கார்டை ஏற்கவில்லை. முட்டிவலியோடு அம்மா வாசலிலேயே நின்றார். சிங்கப்பூரில் கார்டைத் தேய்த்ததற்கு 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். கிடைத்த பாயிண்ட் இதற்கே ஈடாகவில்லை.

கஸ்டமர் கேரில், "விற்பனைப் பிரிவு சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை மேம்" என்றார்கள். கிளைக்குப் போனால், கார்டு பிரிவே தனியாம். வாட்ஸ்அப் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பினேன். நிபந்தனைகளின் இணைப்பு ஒன்று பதிலாக வந்தது, அவ்வளவுதான். அந்தப் பையனோ வேலையை விட்டுவிட்டானாம். 11,800 ரூபாய்க்குப் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை!

இந்தக் கார்டுகளால் யாருக்குமே லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்காக அடிக்கடி பறந்து, ஹோட்டலும் டிக்கெட்டும் கார்டிலேயே போட்டு, பில்லை முழுசாகக் கட்டுகிறவர்களுக்குக் கட்டணத்துக்கு மேலேயே கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு பயணம் போகும் குடும்பத்துக்கு இது வேண்டாம். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்தைத் தாண்டும். எந்தப் பாயிண்டும் அதை ஈடுகட்டாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். எந்தச் செலவுக்குப் பாயிண்ட் இல்லை என்ற பட்டியலை முதலில் கேளுங்கள். அதைப் படிக்காமல் கார்டை ஆக்டிவேட் செய்யாதீர்கள். மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை. 11,800 ரூபாய்க்காக நான் அங்கேதான் போகிறேன்.