ஒன்பது வருடம் சிஸ்கோ 2811: போர்ட், கேபிள், கிளாக்

2008-இல் எங்கள் நூற்பாலையின் தலைமை அலுவலகத்தில் ஆலைகளின் நெட்வொர்க்குகளை இணைக்கும் சிஸ்கோ 2811 ரவுட்டர் ஒன்றை ரேக்கில் ஏற்றினோம். 2017 வரை ஓடியது. பெட்டியிலேயே இரண்டு ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட் உண்டு. லீஸ்டு லைனுக்கு (தொலைபேசி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு) வேண்டியதை நான்கு சிறு ஸ்லாட்டுகளில் நாமே அட்டையாகச் செருகிக்கொள்ள வேண்டும். எங்களிடம் ஒரு ஈ1 (2 எம்பி டிஜிட்டல் லைன்) அட்டையும், இரண்டு ஸ்மார்ட் சீரியல் போர்ட் உள்ள அட்டையும் இருந்தன. இத்தனை வருடத்தில் ஒரு போர்ட்கூடப் பழுதாகவில்லை. லைன் நின்றபோதெல்லாம் காரணம் கேபிளில் இருந்தது, கிளாக்கில் (இரு முனையும் ஒரே வேகத்தில் பிட் எண்ண உதவும் கடிகாரம்) இருந்தது, அல்லது நடுவில் இருக்கும் தொலைபேசி நிறுவனத்தின் பக்கம் இருந்தது. அதனால் இதில் பெரும்பாலும் வயரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் சீரியல் போர்ட். ரவுட்டர் பக்கம் 26 பின், மோடம் பக்கம் வி.35 என்ற வகையின் 34 பின். ரவுட்டர் பக்கத்து முனை மேலும் கீழும் ஒன்றுபோலத் தெரியும். ரேக்கின் பின்னால் இருட்டில் கை விட்டுச் செருகினால் தலைகீழாக அழுத்திப் பின்னை வளைத்துவிடலாம். டார்ச் அடித்து, வடிவம் பார்த்து, அப்புறம் செருகுங்கள். இரு பக்கத் திருகையும் கையாலேயே மாறி மாறி முடுக்கினால் போதும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிவிட்டால் மறுபக்கம் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். லைன் அவ்வப்போது விழுந்து எழும்.

இந்தப் போர்ட் டிடிஇ-யா (கிளாக்கை வாங்கும் பக்கம்) டிசிஇ-யா (கிளாக்கைக் கொடுக்கும் பக்கம்) என்பதைக் கட்டளை தீர்மானிப்பதில்லை, கேபிள்தான் தீர்மானிக்கிறது. 'ஷோ கன்ட்ரோலர்ஸ்' அடித்தால் எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று ரவுட்டரே சொல்லிவிடும். டிடிஇ கேபிள் ஒன்றையும் டிசிஇ கேபிள் ஒன்றையும் முனையோடு முனை சேர்த்தால் மோடமே இல்லாமல் இரண்டு ரவுட்டர்களை மேசைமேல் பேச வைக்கலாம். டிசிஇ பக்கத்தில் மட்டும் 'கிளாக் ரேட் 64000' கொடுக்க வேண்டும். எந்த ஆலைக்கும் ரவுட்டரை அனுப்புமுன் இப்படி ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பேன்.

கட்டமைப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சீரியல் போர்ட்டின் 'பேண்ட்வித்' மதிப்பு மாற்றாவிட்டால் 1544 கேபி என்றே இருக்கும். அதை மாற்றினாலும் லைனின் வேகம் மாறாது, ரூட்டிங் கணக்குதான் மாறும். நாங்கள் ஒரு ஆலைக்கு வி.35 வழியே 2 எம்பி பிரதான லைனும் 64 கேபி மாற்று லைனும் வைத்திருந்தோம். இரண்டிலும் மதிப்பை மாற்றவில்லை. வழியைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறை, இரண்டுக்கும் 64 என்றே காஸ்ட் (குறைந்தது எதுவோ அந்த வழியே போகும்) போட்டு, போக்குவரத்தைச் சரிபாதியாகப் பிரித்து அனுப்பியது. 64 கேபி லைன் திணறிவிட்டது. சின்ன லைனில் 'பேண்ட்வித் 64' போட்டதும் அதன் காஸ்ட் 1562 ஆகி, அது மாற்று லைனாக மட்டும் நின்றது.

ஈ1-இல்தான் நான் அதிகம் கற்றேன். அட்டையில் இருப்பது ஆர்ஜே ஜாக், பார்க்க ஈதர்நெட் போலவே இருக்கும். ஆனால் 1, 2 பின்கள் வாங்குவதற்கு, 4, 5 அனுப்புவதற்கு. நேர் ஈதர்நெட் கேபிள் இதற்கும் பொருந்தும், ஏனென்றால் அதிலும் 1-2 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி. ஈதர்நெட் கிராஸ் கேபிள் மட்டும் உதவாது. அது 1, 2-ஐ 3, 6-க்குக் கொண்டுபோகும். இங்கே வேண்டியது 1-இலிருந்து 4, 2-இலிருந்து 5. இதை நானே கிரிம்ப் செய்து இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தேன்.

லைன் விழுந்தால் 'ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1' சொல்வதை அப்படியே நம்பலாம். 'லாஸ் ஆஃப் சிக்னல்' என்றால் நம்மிடம் எதுவும் வந்து சேரவில்லை, வாங்கும் ஜோடியைப் பாருங்கள். 'ரிமோட் அலாரம்' என்றால் நாம் அனுப்புவது எதிர்முனைக்குப் போகவில்லை, அனுப்பும் ஜோடியைப் பாருங்கள். 'ஏஐஎஸ்' (நடுவில் உள்ள கருவி அனுப்பும் எச்சரிக்கை) என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். வயர் சரியாக இருந்தும் 'லாஸ் ஆஃப் ஃபிரேம்' வந்தால், எதிர்முனை சிஆர்சி4 (பிழை சரிபார்ப்பு) இல்லாமல் ஓடுகிறதா என்று கேட்டு 'நோ-சிஆர்சி4' போட்டுப் பாருங்கள்.

ஒருமுறை லைன் அப், பிங் போகிறது, ஆனால் பெரிய கோப்பு அனுப்பினால் பாதியில் நிற்கிறது. மூன்று நாள் மோடத்தையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் 'ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1' 15 நிமிடத்துக்கு ஒன்றாகக் காட்டும் பிழைக் கணக்குகளை வரிசையாகப் படித்தபோது ஒவ்வொன்றிலும் 'ஸ்லிப் செகண்ட்ஸ்' (கடிகாரம் ஒத்துப்போகாமல் ஃபிரேம் நழுவிய வினாடிகள்) ஏறியிருந்தது. மேசைச் சோதனைக்காக 'கிளாக் சோர்ஸ் இன்டர்னல்' (ரவுட்டரின் சொந்தக் கடிகாரம்) கொடுத்ததை மாற்றாமலே நான் ஆலைக்கு அனுப்பியிருந்தேன். ஈ1 வினாடிக்கு 20,48,000 பிட். இரண்டு கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே வினாடிக்கு 102 பிட் முன்பின் ஆகும். ஒரு ஃபிரேம் (ஈ1 ஒரு தடவையில் அனுப்பும் தொகுதி) 256 பிட், ஆக இரண்டரை வினாடிக்கு ஒரு ஃபிரேம் கெடும். சின்ன பிங் பெரும்பாலும் தப்பிவிடும், பெரிய கோப்பு தப்பாது. 'கிளாக் சோர்ஸ் லைன்' (லைனில் வரும் கடிகாரம்) என்று மாற்றி, அடுத்த 15 நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம். அன்றிலிருந்து ஆலைக்குப் போகும் ஒவ்வொரு ரவுட்டரிலும் அந்த ஒரு வரியைக் கடைசியாக இன்னொரு தரம் படிப்பது வழக்கமானது.

லைன்கள் ஃபைபர் ஈதர்நெட்டுக்கு மாறியபோது 2811-ஐ இறக்கினோம். நிறுவனத்தின் ஆதரவு 2016-இலேயே முடிந்திருந்தது, அதனால் இணையத்தை நேராகப் பார்க்கும் இடத்தில் இதை இன்று வைக்காதீர்கள். படிக்கவும் சோதனைக்கும் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் ஒரு ஆர்ஜே பிளக்கில் இரண்டே துண்டு வயரை 1-4, 2-5 என்று வளைத்துக் கிரிம்ப் செய்து எடுத்துப் போங்கள். அதை ஈ1 போர்ட்டில் செருகி, அங்கு மட்டும் கிளாக்கை இன்டர்னல் ஆக்கி, சேனல் குரூப் (ஈ1-இன் சேனல்களைச் சேர்த்து ஒரு இன்டர்ஃபேஸ் ஆக்கும் கட்டளை) கொடுத்தால், இன்டர்ஃபேஸ் 'லூப்டு' என்று காட்ட வேண்டும். காட்டினால் பணம் கொடுக்கலாம்.